செப்புத் தகட்டை எடுத்த மதியம்

ஒதாஷிமா தமாயோவின் காபிக் கடையில் இசைத்தட்டு சுழலும்போது யாரும் பேசக் கூடாது. முதல் தடவை பேசினால் முறைப்பார். இரண்டாம் தடவை பேசினால், பாதி குடித்த கோப்பையானாலும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். இது தெரிந்துதான் ஆட்கள் வந்தார்கள். அடுத்த கடையில் முடி வெட்டும் நானும் வேலை இல்லாத நேரத்தில் அங்கேதான் கிடப்பேன்.

எங்கள் ஊர் வட ஜப்பானின் அகிதா கடற்கரையில், ஏழாம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியது. நான் சொல்லப்போவது 1989இல் ஷோவா சக்கரவர்த்தி காலமாகி நாலைந்து வருஷம் ஆன ஒரு குளிர்காலத்துக் கதை. சட்டைப் பையில் போன் வைத்துக்கொள்ளும் பழக்கம் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை.

தமாயோசான் (மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்ப்பது எங்கள் வழக்கம்) பள்ளி முடித்ததும் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலைக்குப் போனவர். எல்லாம் இயந்திரமயமாகும் வரை அங்கேதான் இருந்தார். எதிர்முனையில் ஒருவர் வாயைத் திறந்ததுமே அவர் குடித்திருக்கிறாரா, அழுது முடித்து வந்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவார். வேலை போனபின் கணவர் செய்ஜியோடு சேர்ந்து இந்தக் கடையைத் திறந்தார். ஆள் உயர மர ஸ்பீக்கர் இரண்டும் செய்ஜி தன் கையால் அடித்தவை. வயிற்றில் புற்று வந்து அவர் போய்ச் சேர்ந்ததும் கடையும் தட்டுகளும் தமாயோசானுக்கு மிஞ்சின.

அவருக்கு வாய்த்த சனியன் லாரிகள். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் வண்டியில் வயர்லெஸ் வைத்திருந்தார்கள். சட்டம் அனுமதித்ததைவிடப் பல நூறு மடங்கு சக்தி கொண்ட திருட்டு வயர்லெஸ். ஒரு லாரி கடையைக் கடக்கும்போது ஓட்டுநர் வாயைத் திறந்தால் போதும், ஊசி எடுத்துத் தரும் மெல்லிய ஒலியைப் பெருக்குகிற சின்னப் பெட்டி அந்தக் குரலையும் சேர்த்து இழுத்துவிடும். உருக்கமாக ஒரு சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருக்கும். அதன் நடுவே, "டேய், அடுத்த வளைவுல போலீஸ் நிக்குது!" என்று ஸ்பீக்கர் கத்தும்.

அதில் மிக மோசமானவன் 'வடகரை நண்டு'. வயர்லெஸ்ஸில் அவன் வைத்துக்கொண்ட பெயர் அது. கணவரின் நினைவு நாளில் செய்ஜிக்குப் பிடித்த தட்டு ஒன்றைத் தமாயோசான் கடைக் கதவைச் சாத்திவிட்டுப் போடுவார். ஒரு வருஷம் அந்தத் தட்டின் நடுவே நண்டு வந்து ஒரு அசிங்கமான ஜோக்கை முழுசாகச் சொல்லி முடித்தான். அன்றிலிருந்து அவனை அவர் மனதார வெறுத்தார்.

அலைவரிசை அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். இரண்டு அதிகாரிகள் வந்து காபி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அன்று பார்த்து ஒரு லாரியும் பேசவில்லை. பிறகு, 'ஓட்டுநர்களே, இங்கே வயர்லெஸ் வேண்டாம்' என்று சாலையோரம் பலகை நட்டார். மறுநாளே ஸ்பீக்கர் சொன்னது: "பலகையைப் பாத்தேன் காபிக்கடைக் கிழவி! இன்னைக்கு என்ன பாட்டு? சத்தமா வை, எனக்கும் கேக்கட்டும்!"

அப்புறம்தான் பெட்டிக்கு அடியில் எதையாவது வைக்கும் பித்து அவருக்குப் பிடித்தது. ஆடியோ பத்திரிகைகளில் வரும் விளம்பரத்தையெல்லாம் நம்பினார். ரப்பர் வில்லை, பித்தளைக் கூம்பு, மூங்கில் கரி அடைத்த பை, ஏதோ ஒரு பளிங்குக் கல். ஒன்றும் பலிக்கவில்லை. மின்சாமான் கடை கன்னோ ஒவ்வொன்றையும் பார்த்துச் சிரித்தார். கன்னோ தமாயோசானோடு ஒரே வகுப்பில் படித்தவர். அந்த உரிமையில் எதையும் சொல்வார்.

"பூனைக்குக்கூட யாரும் இவ்வளவு படுக்கை போட மாட்டாங்க, தமாயோ. அதுங்க எல்லாம் அதிர்வைத் தடுக்கிற சாமான். ரேடியோ அலைக்கு அதனால என்ன?"

கடைசியாக ஒரு பலகை வந்தது. தேவதாரு மரம், அதன் மேல் கரி இழையில் நெய்த ஒரு துணி, அதற்கும் மேல் ஒரு செப்புத் தகடு. தகட்டிலிருந்து ஒரு கம்பியை வெளியே கொண்டுபோய்த் தரையில் அடித்த கம்பத்தில் கட்ட வேண்டும். அந்த வேலையைக் கன்னோதான் செய்து கொடுத்தார், முணுமுணுத்துக்கொண்டே.

"அலை மேலேருந்தும் வருது, பக்கத்துலேருந்தும் வருது. அடியில மட்டும் தகடு வெச்சா, மழைக்குக் குடை பிடிக்காம செருப்பு மாட்டின கதைதான்."

"காலாவது நனையாம இருக்கும்ல. கம்பத்தை அடி."

ஆனால் பலித்தது. அந்த வாரம் முதல் லாரிகள் வெறும் இரைச்சலாகக் கடந்து போயின. நண்டு செத்தானா இருக்கிறானா என்றே தெரியவில்லை. "தற்செயல்" என்றார் கன்னோ. "தெருவுல ஓடுற வண்டி குறைஞ்சிருக்கும்."

ஜனவரியில் பனிப்புயல் வந்தது. எங்கள் பக்கத்துப் புயலில் பனி வானத்திலிருந்து விழுவதில்லை. கடல் காற்று தரையில் கிடக்கும் பனியைக் கிளப்பிக்கொண்டு குறுக்காக ஓடும். நீட்டிய கை தெரியாது. நெடுஞ்சாலையை மூடிவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். மதியம் கடையில் கன்னோவும் நானும் மட்டும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பொழுது போகாமல் கன்னோ வம்பை ஆரம்பித்தார். "நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு. நான் பலகையை எடுப்பேன், இல்ல அப்படியே விடுவேன். பெட்டி பலகை மேல இருக்கா, இல்லையான்னு காதால கேட்டுச் சொல்லு. தப்பாச் சொன்னா பலகையை அடுப்புல போட்டுடணும்."

"சரியாச் சொன்னா?"

"இந்த வருஷம் பூரா உன்னைக் கிண்டல் பண்ண மாட்டேன்."

"அது உன்னால முடியாது. சரி, எடு."

தமாயோசான் சுவரைப் பார்த்து நின்றார். கன்னோ பெட்டியைத் தூக்கி, பலகையை உருவி, வெறும் அலமாரி மேல் பெட்டியை வைத்தார். நான் ஊசியை இறக்கினேன். பியானோ நாலு சுரம் வாசித்திருக்காது.

"...யாராவது... நண்டு பேசறேன்... வடகரை நண்டு..."

கன்னோ தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "பாரு, உன் ஆளு வந்துட்டான்!"

தமாயோசான் வெடுக்கென்று திரும்பினார். பலகையைப் பிடுங்கிப் பெட்டிக்கு அடியில் திணிக்கப் போனார். முகத்தில் அத்தனை கோபம். ஆனால் பாதியில் கை நின்றுவிட்டது. பலகையைத் தரையில் சாய்த்தார். ஊசியைத் தூக்கினார். சத்தத்தை முழுக்கக் கூட்டினார். கடை முழுவதும் ஒரு சீறல் நிறைந்தது. அதற்குள்ளிருந்து குரல் மறுபடி வந்தது.

"...டயர் கடை மஞ்சப் பலகை பாத்தேன்... அப்புறம் வண்டி பனியில குத்திக்கிச்சு... ஒண்ணும் தெரியல, எல்லாம் வெள்ளை... ஹீட்டர் நல்லா இருக்கு... தலைதான்... தலை..."

"குடிச்சிருக்கான்" என்றேன் நான்.

"இல்ல. குடிச்சவன் சொல்லை இழுப்பான். இவன் சொல்லைத் தேடறான்." தமாயோசான் ஸ்பீக்கருக்கு அருகே போய்க் காதை வைத்தார். "பின்னாடி எஞ்சின் ஓடுது. கேக்குதா கன்னோ?"

கன்னோவின் சிரிப்பு நின்றது. "வண்டி பனிக்குள்ள. சைலன்ஸர் குழாய் மூடிக்கிட்டிருக்கும். புகை உள்ள வருது."

அது எங்களுக்குப் புதிதல்ல. வருஷத்துக்கு ஒருவராவது அப்படிப் போவார்கள். குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கி, தூக்கத்திலேயே போய்விடுவார்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. தான் சாவது சாகிறவனுக்கே தெரியாது.

"கொஞ்சம்... கண்ணை மூடறேன்... யாரும் இல்லையா... சரி..."

"டேய், தூங்காதே!" என்று தமாயோசான் ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்தினார். அது எப்படி அவனுக்குக் கேட்கும்? அவன் பேசுவது எங்களுக்குக் கேட்டது. எங்கள் பேச்சு அவனுக்குப் போக வழியே இல்லை.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸ் பனி வாரும் வண்டிக்குப் பின்னால் தெற்கே நிற்கிறது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அவர் போனை வைப்பதற்குள் கன்னோ மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். "டயர் கடை தாண்டின்னு சொன்னான். வடக்கேருந்து வர்றவன்னா நமக்கும் டயர் கடைக்கும் நடுவுல எங்கேயோ. கயிறு இருக்கா? மண்வெட்டி?"

இரண்டும் என் கடையில் இருந்தன. கயிற்றின் ஒரு முனையைக் காபிக் கடைக் கம்பத்தில் கட்டினோம். மறுமுனையைக் கன்னோ இடுப்பில் கட்டினார், நடுவில் நான். கிளம்பும்போது தமாயோசான் இன்னொரு எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

அதன்பின் கடைக்குள் நடந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

அவர் அழைத்தது ஊர் அலுவலகத்தை. எங்கள் ஊரில் தெருத் தெருவாக ஒலிபெருக்கிக் கம்பம் உண்டு. ஆழிப்பேரலை வந்தால், தீப்பிடித்தால், வயதானவர் யாராவது வழி தவறிப் போனால் அறிவிப்பார்கள். டயர் கடை வாசலிலும் ஒரு கம்பம் இருக்கிறது. போனை எடுத்தவர் யோனெகாவா என்ற இளம் எழுத்தர்.

"ஒதாஷிமாசான், அதுக்கு மேலதிகாரி அனுமதி வேணும். புயலால அவர் வரலை..."

"வழி தவறின ஆள்னு வெச்சுக்கோ. அது உன் விதியில இருக்குல்ல? எஞ்சினை நிறுத்து, ஜன்னலைத் திற. இவ்வளவுதான் சொல்லணும்."

யோனெகாவா சொன்னார். ஆனால் அலுவலகத் தமுக்கு எப்படி அடிப்பார்களோ அப்படித்தான் அடித்தார். பனிக்குள் தடவிக்கொண்டிருந்த எங்களுக்கும் காற்றோடு துண்டு துண்டாகக் கேட்டது: "நெடுஞ்சாலையில் 'வடகரை நண்டு' என்னும் பெயரில் வயர்லெஸ்ஸில் பேசிய ஓட்டுநரின் கவனத்துக்கு. உடனடியாக எஞ்சினை நிறுத்தவும்..."

கடையில் ஸ்பீக்கர் பதறியது. "ஐயோ... என் பேரைச் சொல்றாங்க... பிடிக்க வந்துட்டாங்கடா..." ஒரு சொடுக்கு. அதோடு குரல் அறுந்தது. திருட்டு வயர்லெஸ்ஸுக்காகத் தன்னைப் பிடிக்க அரசாங்கம் வந்துவிட்டது என்று மயங்கிக்கொண்டிருந்த அந்தத் தலை நினைத்துக்கொண்டது.

தமாயோசான் மறுபடி போனைச் சுழற்றினார். அவசரத்தில் ஒருமுறை தப்பான எண் விழுந்தது. "யோனெகாவா, நீ பேசாதே. போனை மைக்கிட்ட பிடி. நான் பேசறேன்."

"ஊரே கேக்கும், ஒதாஷிமாசான்."

"கேக்கட்டும். பிடி!"

வெளியே நாங்கள் இடுப்பளவு பனியில் நின்றிருந்தோம். கயிறு இழுத்துக்கொண்டது, அதற்கு மேல் நீளமில்லை. எந்தப் பக்கம் போவது என்று கன்னோ என் காதில் கத்திக்கொண்டிருந்தார். அப்போது தலைக்கு மேல், கம்பமே தெரியாத வெள்ளைக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது.

"டேய் நண்டு! காபிக்கடைக் கிழவி பேசறேன். உன்னை யாரும் பிடிக்க வரலை. நீ பேசறது என் ஸ்பீக்கர்ல கேக்குது, எப்பவும் கேக்கற மாதிரி. உன் வண்டிக்குள்ள புகை வருது. நீ தூங்கலை, செத்துக்கிட்டிருக்கே. எஞ்சினை நிறுத்த முடியலன்னா ஜன்னலையாவது திற. கையைத் தூக்கு. கைப்பிடியைச் சுத்து. திட்டணும்னா அப்புறம் திட்டிக்கலாம். சுத்துடா!"

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார். மூன்றாம் முறை, 'சுத்துடா' என்னும் இடத்தில் குரல் பிசிறியது. அந்தக் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. செய்ஜியின் சவ அடக்கத்தில்கூட.

கன்னோ இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். "வேணாம், கன்னோசான்!" என்றேன். "இங்கே பக்கத்துல வேற கம்பம் கிடையாது, சத்தம் வர்ற இடம்தான் டயர் கடை. அதை வெச்சுக்கிட்டுப் போயிடலாம், வா" என்றார். நானும் அவிழ்த்தேன். கன்னோவின் மேலங்கி வாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தமாயோசானின் திட்டு எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகவே போனோம்.

கடைக்குள் அவர் ஒரு காதில் போனும், மறு காது ஸ்பீக்கர் பக்கமுமாக நின்றிருக்கிறார். வெறும் சீறல்தான். போய்விட்டான் என்றே நினைத்தாராம். அப்போது 'டக்' என்று வயர்லெஸ் திறந்தது. பேச்சு இல்லை. மூச்சு மட்டும். அப்புறம் ஏதோ கிறீச்சிட்டது, கொஞ்சம் நின்றது, மறுபடி கிறீச்சிட்டது. அதோடு கடை அதிரும்படி ஸ்பீக்கரில் காற்று ஊளையிட்டது. வெளியே வீசிய அதே காற்று, அவன் வண்டி வழியாகச் சுற்றி உள்ளே வந்தது.

காற்று கேட்டால் ஜன்னல் திறந்திருக்கிறது என்று பொருள்.

ஆனால் குரல் வரவில்லை. மைக்கின் பொத்தான் அவன் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது போல. காற்று மட்டும் ஓயாமல் ஊதிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே பனி கொட்டி, மயங்கிக் கிடப்பவனைக் குளிரே கொன்றுவிடும். இன்னும் போனிலேயே இருந்த யோனெகாவா, "இன்னும் பேசணுமா?" என்று கேட்டார். "பேசணும். ரெண்டு பேர் என் குரலைப் பிடிச்சுக்கிட்டு நடந்துக்கிட்டிருப்பாங்க" என்றார் தமாயோசான். அப்படி நாங்கள் நடப்போம் என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ. வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், கடையில் கிடைக்கும் பண்டங்களின் பெயரைச் சொன்னார். முட்டை ரொட்டி, சிவப்பு அவரை ரொட்டி, இஞ்சி போட்ட தேநீர். ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் சிற்றுண்டிப் பட்டியல் ஓடியது. அதைக் கேட்டுக்கொண்டு பனிக்குள் நடந்த என்னைப் போல ஒருவன் உலகத்தில் இருக்க மாட்டான்.

முதலில் கன்னோவின் மண்வெட்டிதான் வண்டியைக் கண்டது. 'டங்' என்று இரும்பில் பட்டது. மீன் ஏற்றும் சிறிய பெட்ரோல் லாரி. பின்பாதி முழுதும் பனிமேட்டுக்குள் இருந்தது. ஜன்னல் பாதி இறங்கியிருந்தது. கைப்பிடியில் அவன் கை, ஸ்டீயரிங்மேல் அவன் முகம். மடியில் பனி குவிந்திருந்தது. கன்னோ உள்ளே கைவிட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. நான் கழுத்தில் விரல் வைத்தேன். என் விரல் விறைத்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கன்னத்தை அவன் மூக்கருகே கொண்டுபோனேன்.

"இருக்கு! மூச்சு இருக்கு!"

"அப்ப தூக்குடா, வேடிக்கை பாக்காதே! அம்மாடி, என்ன கனம்! மீனைப் பூரா இவனே தின்னுருக்கான்!"

இதெல்லாம் காபிக் கடை ஸ்பீக்கரில் அப்படியே ஒலித்தது என்று எங்களுக்குத் தெரியாது. கன்னோவின் வசவை யோனெகாவாவும் போன் வழியே கேட்டிருக்கிறார். நல்லவேளை, அதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்.

டயர் கடைக்காரர் கதவைத் திறந்து வைத்திருந்தார். அடுப்பருகே கிடத்திப் போர்த்தினோம். பனி வாரும் வண்டி வந்து, ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவன் பெயர் இனோமாதா என்பது அப்போதுதான் தெரிந்தது. நாற்பது வயது இருக்கும். பிழைத்துக்கொண்டான். ஆனால் பேச்சு பழைய வேகத்துக்கு வரப் பல மாதம் பிடித்தது.

நாங்கள் திரும்பியபோது தமாயோசான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். செப்புத் தகட்டுப் பலகை பெட்டிக்கு அடியில் பழைய இடத்திலேயே இருந்தது.

"அதுக்குள்ள வெச்சுட்டியா?" என்றார் கன்னோ. "அது இல்லாம இருந்ததாலதானே அவன் பிழைச்சான்?"

"ஆமா. அது இருந்தா அவன் குரல் கேக்காதுன்னு இப்ப ஒத்துக்கறியா?"

கன்னோ காபி கேட்டார்.

எங்களோடு சிரித்தாலும், அன்று பலகையை எடுக்காமல் இருந்திருந்தால் என்னும் கேள்வி தமாயோசானை விடவில்லை. அடுத்த குளிர்காலம் முழுவதும் புயல் நாட்களில் பலகையை எடுத்துவிட்டு, தட்டு எதுவும் போடாமல், வெறும் சீறலைக் கேட்டுக்கொண்டு நின்றார். யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வருஷம் லாரிகளில் வயர்லெஸ்ஸே குறைந்துவிட்டது. அவரும் விட்டுவிட்டார்.

விதியை மீறியதற்காக யோனெகாவாவுக்கு எச்சரிக்கை கிடைத்தது. ஊர்க்காரர்கள் அவருக்காகப் போய் நின்றதால் அதோடு முடிந்தது.

புயல் வந்த அதே வருஷம் வசந்தத்தில் இனோமாதா மனைவியோடு கடைக்கு வந்தான். தலை குனிந்து வணங்கினான். நிமிரவே இல்லை.

"நான் அன்னைக்கு... என்ன பேசினேன்னு... ஞாபகம் இல்லை" என்றான் மெதுவாக.

"அன்னைக்குப் பேசினது இருக்கட்டும். அதுக்கு முந்தி ஒரு நவம்பர்ல பேசினது ஞாபகம் இருக்கா?" என்றார் தமாயோசான். அவன் விழித்தான். தமாயோசான் அந்த அசிங்கமான ஜோக்கை ஒரு சொல் விடாமல், அவன் மனைவி முன்னாலேயே, முகத்தில் சலனமில்லாமல் சொல்லி முடித்தார். "அது என் புருஷனோட நினைவு நாள். நீ உயிரோட இருக்கறதுல எனக்குச் சந்தோஷம். அதை மட்டும் நான் மன்னிக்கிறதா இல்லை."

இனோமாதாவின் காது மடல்வரை சிவந்தது. நான் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அப்போது அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"மன்னிச்சுக்கோங்க" என்றாள் மூச்சுத் திணறி. "கல்யாணத்தன்னைக்கு எங்கப்பாகிட்டயும் இவர் அதையேதான் சொன்னார்."

தமாயோசானின் உதடும் சிரிப்பில் கோணியது. "உங்கப்பா என்ன செஞ்சார்?"

"எழுந்து போயிட்டார். அம்மாதான் போய்க் கூட்டிட்டு வந்தாங்க."

"நல்ல மனுஷன்" என்றார் தமாயோசான். பால் வேண்டுமா, சர்க்கரை வேண்டுமா என்று இருவரையும் கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.